பழைய பேப்பரோடு போன இசைத் தட்டு

கொடைக்கானலில் மழை பிடித்துக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடிப்பீர்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். சூரிய ஆராய்ச்சிக் கூடத்தைப் பற்றி எழுத வந்த எனக்கும், படம் எடுக்க வந்த நண்பருக்கும் மூன்று நாட்களாகச் சூரிய பகவான் தரிசனமே கொடுக்கவில்லை! கடைசியில், மலையை விட்டு இறங்கும் வழியில், தெரிந்தவர் ஒருவரின் அத்தை வீட்டில் மழைக்கு ஒதுங்கினோம்.

எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் அந்த அம்மாள் ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயுமாகக் கூடத்தில் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இசைத் தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. பஜனைப் பாட்டோ, பழைய சினிமாப் பாட்டோ என்று நினைத்தீர்களானால் ஏமாந்தீர்கள். டிரம்ஸ் அதிர, எலெக்ட்ரிக் கிடார் வீறிட, யாரோ ஒருவர் தொண்டை கிழிய இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தார். அம்மாளின் பேரன், காலேஜில் படிக்கும் பிள்ளை, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அது கிடக்கட்டும், அம்மாளின் தலையும் அல்லவா ஆடிக்கொண்டிருந்தது!

"என்னம்மா பார்க்கிறே? இது என் தம்பியோட பிளேட்டு" என்றார் அவர். அப்புறம், "அவனோடது இல்லை. அதே மாதிரி வேறொண்ணு" என்று திருத்திக்கொண்டார்.

இந்தத் திருத்தத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

உறையை வாங்கிப் பார்த்தேன். வாத்தியக் கோஷ்டியின் பெயர் 'அட்டாமிக் ஃபாரஸ்ட்'. அணுக் காடு என்று சொல்லலாமா? பம்பாயில் 1970-களில் கொடிகட்டிப் பறந்த ராக் கோஷ்டி அது. பேஸ் கிடார் வாசித்தவர் கீத் காங்கா. பாடியவர் மதுகர் சந்திர தாஸ். 1974-இல் அலிக் பதம்ஸி பம்பாயில் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்ற இசை நாடகத்தை மேடையேற்றியபோது, ஏசுநாதராக நடித்துப் பாடியவரும் இவரே. இப்படிப் பெயர் வாங்கிய கோஷ்டி, வாழ்நாளில் வெளியிட்ட முழு நீள இசைத் தட்டு ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் 'அப்செஷன் 77'.

அந்தக் காலத்துப் பம்பாயைப் பற்றி அம்மாளுக்குச் சொல்லவா வேண்டும்? அவர் கணவருக்கு அங்கேதான் உத்தியோகம், மாதுங்காவில் ஜாகை. தம்பியும் அவர்களோடுதான் இருந்தான். சண்முகானந்தா மண்டபம் நடந்து போகும் தூரம். நம்முடைய வித்வான்கள் கச்சேரி செய்த அதே மண்டபத்தில்தான் 'சிம்லா பீட்' என்ற ராக் போட்டியும் நடந்தது! சிம்லா என்பது ஒரு சிகரெட்டின் பெயர். இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட்டை விளம்பரப்படுத்த நாட்டின் பல ஊர்களிலிருந்தும் இளைஞர்களைக் கூட்டிப் போட்டி வைத்தது. 1970-லும் 1971-லும் அந்தக் கோஷ்டிகளின் பாட்டுக்களைத் தொகுத்து இசைத் தட்டும் போட்டது. கோஷ்டிக்கு ஒன்று அல்லது இரண்டு பாட்டு. அவற்றில் பல கோஷ்டிகளுக்கு ஆயுளில் கிடைத்த இசைத் தட்டு வாய்ப்பு அந்த ஒரு பாட்டுத்தான்.

"ஒரு தடவை தம்பி என்னையும் இழுத்துண்டு போனான். பாதியிலே எழுந்து வந்துட்டேன். காது ஒரு வாரம் ஙொய்யினு கத்தித்து" என்றார் அம்மாள்.

நம் சென்னைப் பையன்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ரமேஷ் சோத்தம், சுரேஷ் சோத்தம் என்ற சகோதரர்கள் 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்ற கோஷ்டியை நடத்தி ஊர் ஊராக வாசித்தார்கள். டிரம்ஸ் வாசித்த ரமேஷ் பிறகு தவில் கற்றுக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். அங்கே ஜாஸ் வித்வான்களோடு உட்கார்ந்து தவில் வாசித்துப் பேர் வாங்கினார். தவிலுக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

'இந்தக் கூச்சலில் என்ன இருக்கிறது?' என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பேரன்தான் விளக்கினான். ராக் சங்கீதத்திலேயே 'புராக்ரஸிவ்' என்று ஒரு கிளை உண்டாம். 1969-இல் இங்கிலாந்தில் 'கிங் கிரிம்ஸன்' என்ற கோஷ்டியின் முதல் தட்டு வந்ததிலிருந்து அதற்கு மவுசு. மூன்று நிமிஷப் பாட்டு அவர்களுக்குப் போதாது. ஒரு பாட்டே ஒரு பக்கம் முழுவதும் ஓடும். நடுவில் தாளம் மாறும், காலப்பிரமாணம் மாறும், பாட்டு நின்று வாத்தியங்கள் மாத்திரம் பேசும். 'பிங்க் ஃபிளாய்ட்' 1971-லும் 'எஸ்' என்ற கோஷ்டி 1972-லும் தட்டின் ஒரு முழுப் பக்கத்தை ஒரே பாட்டால் நிரப்பினார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் ராகம் தானம் பல்லவி ஞாபகம் வந்தது. பழைய 78 வேகத் தட்டு நாட்களில் நம் வித்வான்கள் பட்ட பாடு உங்கள் பாட்டிமார்களுக்குத் தெரியும். மூன்று, நான்கு நிமிஷத்துக்குள் ஆலாபனை, கிருதி, ஸ்வரம் எல்லாவற்றையும் சுருட்டி முடித்தாக வேண்டும்! 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 'எல்.பி.' என்ற நீண்ட நேரத் தட்டைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு அங்குல அகலம், நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால்வாசிக்குச் சற்று மேல் சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குக் குறையாத சங்கீதம். வித்வான்களுக்கும் மூச்சு வந்தது. ராக் பையன்களுக்கும் இடம் கிடைத்தது. ஐந்தும் ஏழுமாக எண்ணி வாசிப்பதை அவர்கள் பெரிய புதுமையாகக் கொண்டாடினார்கள். நமக்கோ கண்ட சாபுவும் மிச்ர சாபுவும் குழந்தைப் பாடம்!

'அப்செஷன் 77' சுத்தமான புராக்ரஸிவ் தட்டு என்று சொல்லிவிட முடியாது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், டீப் பர்ப்பிள், ஒசிபிஸா என்று பிறருடைய பாட்டுக்களும் அதில் உண்டு. சில இடங்களில் ஹோட்டலில் டான்ஸுக்கு வாசிக்கிறாற்போல் இருக்கிறது. ஆனால் பெயர்ப் பாட்டு வந்தபோது நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து நல்ல வாத்தியம் தருவிப்பது குதிரைக் கொம்பாக இருந்த காலத்தில், இருந்ததை வைத்துக்கொண்டு வாசித்த பிள்ளைகள் அவர்கள். அந்தக் கிடாரில் ஓர் ஆவேசம் இருக்கத்தான் செய்கிறது.

சினிமாப் பாட்டு விற்ற ஊரில் இதை யார் வாங்குவார்கள்? வாங்கிய சிலரில் அம்மாளின் தம்பியும் ஒருவர். பிறகு அவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. "அக்கா, என் பிளேட்டையெல்லாம் பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

1993-இல் அம்மாளின் கணவர் ரிடையரானார். குளிர்ந்த ஊரில் வாழ வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாதுங்கா வீட்டைக் காலி செய்யும்போது லாரியில் இடம் இல்லை. பாத்திரமா, பிளேட்டா என்று பார்த்தால் எந்த வீட்டில் பிளேட் ஜெயிக்கும்? பாதிக் கட்டு பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போயிற்று. அட்டைக்குத்தான் காசு, கறுப்புத் தட்டுக்கு ஒன்றும் தர மாட்டேன் என்றானாம் அவன்.

2011-இல் அமெரிக்காவில் 'நவ்-அகெய்ன்' என்ற கம்பெனி அந்தக் கோஷ்டியின் பாட்டுக்களைத் தேடி எடுத்து, வெளிவராத பதிவுகளையும் சேர்த்து மறுபடி வெளியிட்டது. உலகமெங்கும் அபூர்வத் தட்டுச் சேகரிப்பவர்கள் அசல் பிரதிக்கு வலை போட்டுத் தேடுகிறார்கள். பேரனுக்கு இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது. அவனும் காலேஜ் கோஷ்டியில் பேஸ் கிடார் வாசிக்கிறவன். எங்கேயோ கேள்விப்பட்டு மறுபதிப்பை வாங்கி வந்து பாட்டியிடம் காட்டியிருக்கிறான். பெயரைப் பார்த்ததும் பாட்டி உட்கார்ந்துவிட்டாராம்.

"தம்பி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் பிளேட் எங்கேன்னு அவன் கேட்கலை. நானும் சொல்லலை" என்றார் எங்களிடம். பீன்ஸ் உரிக்கும் கை மட்டும் நிற்கவில்லை.

நான் பேச்சை மாற்ற, காலையில் பார்த்ததைச் சொன்னேன். கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக் கூடம் 1899-இல் நிறுவப்பட்டது. 1900-களின் தொடக்கத்திலிருந்து எடுத்த சூரியப் படங்களை, கண்ணாடித் தகடுகளும் ஃபிலிமுமாக, நூறு வருஷத்துக்கு மேல் காப்பாற்றி, இன்று கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார்கள். எடுத்த அன்றைக்கு எதற்கு உதவும் என்று தெரியாத படத்தை இன்று விஞ்ஞானிகள் ஆவலோடு புரட்டுகிறார்கள். இத்தனை ஈரமான மலையில் இது சாமானிய காரியமா?

"ஈரமா? இதோ பாரேன்" என்று எழுந்து போய்ச் சுவர் அலமாரியைத் திறந்தார் அம்மாள். லாரியில் இடம் பிடித்த மீதிப் பாதி அங்கே இருந்தது! உறைகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. "வெயில் வந்தா பட்டுப் புடவையோட இதையும் மொட்டை மாடியிலே காய வைக்கலாம்னு பார்க்கிறேன்."

"ஐயையோ, வேண்டாம்!" என்று பேரன் பாய்ந்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தட்டுகள் இருந்தால் அவன் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்தால் வினைல் தட்டு அப்பளம்போல் நெளிந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், புத்தகம்போல் நிற்க வைக்க வேண்டும். பூஞ்சைக்கு ஆகாரம் தூசியும் விரல் எண்ணெயும் காகித உறையும்தான். ஆகையால் பழைய உள்ளுறையை மாற்றுங்கள். வாலை வடிநீரில் நனைத்த மெல்லிய துணியால், வரிகளுக்குக் குறுக்கே போகாமல் வரியோடு சுற்றித் துடையுங்கள். ஓரத்தைப் பிடிக்க வேண்டும்; முகத்தைத் தொடக்கூடாது. இன்னொன்று: கனமான பழைய 78 வேகத் தட்டுகள் அரக்கு கலந்தவை. அவற்றின் பக்கத்தில் ஸ்பிரிட்டைக் கொண்டு போகாதீர்கள், கரைந்துவிடும். ஈரச் சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது.

அன்று சாயங்காலம் வரை பாட்டியும் பேரனும் தரையில் உட்கார்ந்து துடைத்தார்கள். நாங்களும் கை கொடுத்தோம். பெரும்பாலும் சினிமாத் தட்டுகள். நடுவில் ஒரு நாதஸ்வரம், இரண்டு மூன்று இங்கிலீஷ். ஒவ்வொன்றின் மூலையிலும் நீல மையில் ஒரே கையெழுத்து. மழை விட்டு நாங்கள் கிளம்பியபோது அம்மாள் ஏழாவது தட்டில் இருந்தார். கையெழுத்தின் மேல் துணி படாமல் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.