படம் என்னுடையது, முகம்?

தாம்பரம் ரயில் நிலைய வாயிலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவரைப் படமெடுத்தேன். "எதுல சார் போடப் போறீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே. ஆனால், அதிலுள்ள முகம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. பொது இடத்தில் படமெடுப்பதற்குப் பொதுவான தடை இல்லை. அதை வெளியிடுவது வேறு.

திருவான்மியூர் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்று வழக்கில், பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிட 'நக்கீரன்' இதழுக்கு 1994-இல் உச்சநீதிமன்றம் அனுமதி அளித்தது. அதே தீர்ப்பில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவரது இசைவின்றி, விளம்பரத்துக்கோ பிற நோக்கத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்றும் சுட்டிக்காட்டியது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உறுதிசெய்தது.

பயணப் படத்துக்குக் கிடைக்கும் பாராட்டு எடுத்தவருக்கு. அதனால் நேரும் சங்கடமோ படத்தில் இருப்பவருக்கு. ஒருவர் செயலின் விலையை மற்றவர் சுமக்கும் இந்நிலையைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். அதைத் தவிர்க்கும் வழி எளியது: வெளியிடும் இடத்தைச் சொல்லி, இசைவு கேட்பது. குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்பது.

நான் கேட்டேன். "வேண்டாம் சார்" என்றார் அவர். படத்தை அவர் கண்முன்னே அழித்தேன்.