அரைத்த பிறகு பிரிக்க முடியாது

பீடோங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நான் வளர்ந்தேன். தீபாவளிக்கு முன் அம்மா மிளகாய், மல்லி, சோம்பு, சீரகம் எல்லாவற்றையும் வாசலில் காயவைப்பார். காய்ந்ததைப் புடைத்து, சுங்கைப் பட்டாணியில் இருந்த மாவு மில்லுக்குக் கொண்டு போவோம். “இப்பவே நல்லா பாத்துப் பொறுக்குடா. அரைச்ச பிறகு எது கெட்டதுன்னு ஆண்டவனாலயும் சொல்ல முடியாது” என்பார். அந்தப் பேச்சு 2021 டிசம்பரில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அப்போது நான் ஒரு நிறுவனத்தில் ஜாவா நிரலாளர்.

மாணவர்களே, ஜாவாவில் யாரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளைச் சேர்த்துக்கொள்கிறோம். இவற்றை லைப்ரரி என்பார்கள். ‘ஜார்’ என்னும் கோப்பாகக் கிடைக்கும். லாக்ஃபோர்ஜே அப்படிப்பட்ட ஒரு லைப்ரரி. மென்பொருளில் நடப்பதை நாட்குறிப்புப் போல் பதிவு செய்வது அதன் வேலை. அப்பாச்சி அறக்கட்டளையின் தன்னார்வலர்கள் அதைப் பராமரிக்கிறார்கள்.

2021 நவம்பர் 24ஆம் தேதி, அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் ஜாவோஜுன் அதில் ஓர் ஓட்டை இருப்பதை அப்பாச்சிக்குத் தெரிவித்தார். டிசம்பர் 10ஆம் தேதிக்குள் செய்தி உலகெங்கும் பரவிவிட்டது. ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுதிய வரி பதிவில் ஏறினால் போதும். லாக்ஃபோர்ஜே அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, தாக்குபவரின் கணினியிலிருந்து நிரலை இறக்கி இயக்கிவிடும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில், அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. லாக்ஃபோர்ஷெல் எனப் பெயர் பெற்ற இந்த ஓட்டைக்கு அபாய அளவுகோலில் 10க்கு 10 புள்ளி கிடைத்தது.

எங்கள் மேலாளர் கேட்டது ஒரே கேள்விதான்: “நம்மிடம் அது இருக்கிறதா? இருந்தால் எந்தப் பதிப்பு?” இரண்டாம் வரிசையில் 2.14.1 வரையிலான பதிப்புகள் ஆபத்தானவை. பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

தவறு என்னுடையது. எங்கள் திட்டத்தில் ‘லிப்’ என்றொரு கோப்புறை இருந்தது. இணையத்தில் இறக்கிய ஜார் கோப்புகளை அதில் போட்டு வந்தேன். அறுபதுக்கும் மேல் சேர்ந்துவிட்டன. பதிப்பு மாறும்போதெல்லாம் கோப்பின் பெயரும் மாறுவது தொல்லையாக இருந்ததால், பெயரிலிருந்த எண்களை நானே நீக்கியிருந்தேன். டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்ட கதைதான்.

ஜார் என்பது உண்மையில் ஒரு ஸிப் கோப்பு. ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே ‘மெனிஃபெஸ்ட்’ என்ற விவரக் கோப்பில் பதிப்பைத் தேடினேன். நேரடியாக வைத்திருந்த லாக்ஃபோர்ஜேயை முதல் நாளே மாற்றிவிட்டேன். ஆனால் அறிக்கை தயாரிக்கும் கருவி ஒன்று, பல லைப்ரரிகளை ஒரே கோப்பாகக் கலந்த ‘ஃபேட் ஜார்’. அதன் மெனிஃபெஸ்டில் அந்தக் கருவியின் பெயர் மட்டுமே இருந்தது. ஓட்டைக்குக் காரணமான ‘ஜேஎன்டிஐ லுக்கப்’ என்ற பகுதி உள்ளே இருப்பதை மூன்றாம் நாள்தான் கண்டேன். அம்மா சொன்ன கறித்தூள் அதுதான்.

எங்களுக்கு மட்டும் வந்த வினை அல்ல இது. ஜாவா லைப்ரரிகளின் பெரிய களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் 35,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் பாதிக்கப்பட்டுள்ளன என்று கூகுள் குழு அந்த மாதம் முதற்கணக்கு வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் அது நேரடியாக நுழையவில்லை. வேறொரு லைப்ரரியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது.

இதற்குத்தான் மேவன், கிரேடல் போன்ற கட்டமைப்புக் கருவிகள் இருக்கின்றன. மேவனில் ‘பொம்’ என்ற கோப்பில் வெளியீட்டாளர், லைப்ரரியின் பெயர், பதிப்பு ஆகிய மூன்றையும் எழுதினால் போதும். கருவியே அதை இறக்கும்; அந்த லைப்ரரிக்குத் தேவையான மற்றவற்றையும் சேர்த்து இறக்கும். ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் மோதினால், மேவன் உங்கள் திட்டத்துக்கு நெருக்கமான உறவில் இருப்பதை எடுக்கும். கிரேடல் வழக்கமாகப் புதியதை எடுக்கும். ‘டிபென்டன்சி ட்ரீ’ என்ற கட்டளையைக் கொடுத்தால், யாரால் யார் உள்ளே வந்தார் என்று குடும்ப மரம் போலக் காட்டும்.

கருவி மட்டும் காப்பாற்றிவிடாது. அந்த ஒரே மாதத்தில் லாக்ஃபோர்ஜே 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று நான்கு திருத்தங்கள் கண்டது. லிப் கோப்புறையை விட்டு மேவனுக்கு மாறியிருந்த நாங்கள், கடைசித் திருத்தத்துக்கு ஓர் எண்ணை மட்டும் மாற்றினோம். பத்து நிமிட வேலை.

நான்காம் படிவக் கணினி அறிவியலில் ஜாவா கற்பவர்களுக்கும், கூலிம் பொலிடெக்னிக்கிலும் சிந்தோக் பல்கலைக்கழகத்திலும் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் திட்டத்தைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு ஜாரும் எது, எந்தப் பதிப்பு, எதற்காக வந்தது என்று சொல்ல முடிகிறதா? முடியாததை ஒரு தாளில் எழுதுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இப்போது பாக்கெட் கறித்தூள்தான் வாங்குகிறார். ஆனாலும் கடையில் பாக்கெட்டைத் திருப்பி, உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று என்னைப் படித்துக் காட்டச் சொல்வார். அதற்குப் பிறகுதான் அது கூடையில் விழும்.