ஓவர்டைம் பணத்தை நம்பி இஎம்ஐ போடலாமா? டொராண்டோ ராப்டர்ஸ் சொல்லும் கணக்கு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், மணலி, எண்ணூர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. ஒரு உதாரணத்துக்கு, கைக்கு வர்றது 41,000 ரூபாய். அதுல 13,000 ஓவர்டைம். "41,000 வருதே சார், 16,000 இஎம்ஐ-ல கார் எடுத்துடலாமா?"

இதுக்கு ஒரு பாஸ்கெட்பால் டீமோட சீசனை வச்சுப் பதில் சொல்றேன். நம்ம இலங்கைத் தமிழர்கள் நிறைய பேர் வாழுற டொராண்டோவோட டீம், ராப்டர்ஸ்.

2018 ஜூலையில் அவங்க ஒரு பெரிய டீல் போட்டாங்க. 9 வருஷம் தங்களுக்காக ஆடின டிமார் டிரோசனைக் கொடுத்துட்டு, சான் அன்டோனியோவில் இருந்து கவாய் லென்னர்டை வாங்கினாங்க. கவாய் சூப்பர் ஸ்டார்தான். ஆனா காயத்தால முந்தின சீசன்ல 9 மேட்ச்தான் ஆடியிருந்தார். அதைவிட முக்கியம், அவர் ஒரே வருஷத்துல கிளம்பிடலாம். அது டீமுக்கும் தெரியும்.

அந்த ஒரு வருஷம் என்ன ஆச்சு? 2019 ஜூன் 13 அன்னிக்கு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை 4-2ன்னு தோற்கடிச்சு கப் ஜெயிச்சாங்க. கனடா டீம் ஒண்ணு என்பிஏ கப் வாங்கினது அதுதான் முதல் தடவை. அடுத்த மாசமே கவாய் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குப் போயிட்டார்!

ஒரு அக்கவுண்டன்டா எனக்குக் கப்பைவிட அதுக்கு அடுத்த வருஷம்தான் சுவாரஸ்யம். 2019-20ல், கவாய் இல்லாம, 72 மேட்ச்ல 53 ஜெயிச்சாங்க. அவர் இருந்தப்போ 82-க்கு 58. அதாவது சதவீதத்துல இன்னும் மேல போயிட்டாங்க. கப் கிடைக்கல, ரெண்டாவது ரவுண்டுல பாஸ்டன்கிட்ட தோத்தாங்க. ஆனா டீம் கவிழல.

காரணம், அந்த டீல்ல பாஸ்கல் சியாகம், ஃப்ரெட் வான்விலீட் மாதிரி இளம் ஆட்களை அவங்க விடவே இல்ல. இன்னொண்ணு, கவாய் உடம்பைப் பார்த்துக்க 22 மேட்ச் ஆடல. அந்த 22-ல டீம் 17 ஜெயிச்சது. அவர் இல்லாம ஓடிப் பழகின டீம் அது.

இப்போ உங்க பே-ஸ்லிப்புக்கு வருவோம். ஓவர்டைம்தான் உங்க கவாய். சட்டப்படி இரட்டிப்புச் சம்பளம், நல்லாவே இருக்கும். ஆனா ஆர்டர் குறைஞ்சா, ஷிஃப்ட் மாறினா, முதுகு பிடிச்சுக்கிட்டா அது போயிடும். அதுக்கு பி.எஃப்-பும் பிடிக்க மாட்டாங்க, அதனால வயசான காலத்துக்குன்னு அதுல தானா எதுவும் சேராது. (பல பேர் இதை ஸ்லிப்புல கவனிக்கிறதே இல்ல.)

ஓவர்டைம் இல்லாத சம்பளம் 28,000. வாடகை 8,000, சாப்பாடு வீட்டுச் செலவு 9,000, பஸ், போன் 2,500, அம்மாவுக்கு அனுப்புறது 4,000. மொத்தம் 23,500. மிச்சம் 4,500. உங்க இஎம்ஐ-யோட உச்சவரம்பு இதுதான், 16,000 இல்ல. பேங்க்ல "நீங்க எலிஜிபிள்"னு சொன்னா அது அவங்க கணக்கு. நீங்க பி டீம் இல்லாம ஆடுறது அவங்க கவலை இல்ல.

அப்போ அந்த 13,000 எதுக்கு? முதல்ல ஆறு மாசச் செலவை, அதாவது 1,41,000 ரூபாயை, தனி அக்கவுண்டுல சேருங்க. 11 மாசத்துல முடிஞ்சிடும். அதுக்கப்புறம் பைக் வேணுமா, ஒரு எட்டொம்பது மாசம் சேர்த்து கையில காசா கொடுத்து எடுங்க. பண்ணக்கூடாதுன்னு நான் சொல்லல. ராப்டர்ஸும் கவாயை வேண்டாம்னு சொல்லலயே!

லோன் ஃபார்ம்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். மூணு மாசம், சம்பளம் ஏறின அன்னிக்கே ஓவர்டைம் தொகையை வேற அக்கவுண்டுக்கு மாத்திடுங்க. மிச்சத்துல வாழ்ந்து பாருங்க. மூணாவது மாசம் 28-ம் தேதி வாக்குல பேலன்ஸ் என்ன இருக்குன்னு பார்த்துட்டு ஷோரூமுக்குப் போங்க.