மீட்டரில் 90, சாலையில் எவ்வளவு?

மலாக்கா பட்டணத்திலிருந்து உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிடக் குடும்பத்தோடு போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். மூவார் வரை நீளும் அந்த ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில், காரின் வேகமானி காட்டும் எண்ணையும் கைப்பேசியின் வழிகாட்டிச் செயலி காட்டும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகா. காரில் 90 என்றால் கைப்பேசியில் 85, 86 என்று வரும். அப்பாவிடம் கேட்டால், "போன் சொல்வதையெல்லாம் நம்பாதே, மீட்டர்தான் சரி" என்பார். இந்த விஷயத்தில் பெரும்பாலும் போன்தான் சரி!

மீட்டர் பழுதாகிவிட்டது என்று பொருளல்ல. அது வேண்டுமென்றே கூட்டிச் சொல்லும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குமுறை 39 இப்படிச் சொல்கிறது: வேகமானி உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறைத்துக் காட்டக்கூடாது, கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. கார்களுக்கு அந்த எல்லை, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்குமேல் 4 கிலோமீட்டரும். அதாவது கார் உண்மையில் 90இல் ஓடும்போது முள் 90க்கும் 103க்கும் இடையில் எங்கு நின்றாலும் தவறில்லை. இத்தகைய வாகன ஒழுங்குமுறைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் மலேசியா 2006இல் சேர்ந்தது.

ஏன் கூட்டிக் காட்ட வேண்டும்? ஒரே தொழிற்சாலையில் செய்த ஆயிரம் மீட்டர்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கமாட்டா. ஒன்று சற்றுக் கூட்டும், ஒன்று சற்றுக் குறைக்கும். குறைத்துக் காட்டுவதே சட்டப்படி தவறு என்பதால், மிகவும் குறைத்துக் காட்டும் மீட்டர்கூட உண்மைக்குக் கீழே போகாதபடி எல்லாவற்றையும் கொஞ்சம் மேலே தள்ளிவைக்கிறார்கள். நிறுவை குறைந்தால் தண்டம் என்று தெரிந்த கடைக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிடி கூடுதலாகப் போடுவதைப் போலத்தான். உங்கள் அறிவியல் பாடத்தில் 'ராலாட் சிஸ்தமாதிக்' என்று படித்தீர்களே, எப்போதும் ஒரே பக்கம் சாயும் அளவீட்டுப் பிழை, அதை இங்கே தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

இனி டயருக்கு வருவோம். வேகமானிக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டுமே தெரியும். 1902இல் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ஸ் காப்புரிமை பெற்ற பழைய முறையில், சக்கரத்தோடு இணைந்த ஒரு கேபிள் காந்தத்தைச் சுழற்றும். சுழலும் காந்தம் பக்கத்திலுள்ள அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தன்னோடு இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று எதிர்த்து இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்பதுதான் இதில் அழகு. இன்றைய வாகனங்களில் உணர்கருவி ஒன்று மின்துடிப்புகளை எண்ணுகிறது. எண்ணப்படுவது என்னவோ அதே சுற்றுகள்தாம்.

ஆகவே டயரின் அளவு மாறினால் கணக்கும் மாறும். ஒரு கப்சாயின் சக்கரத்தில் 70/90-17 டயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.75 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். சக்கரம் வினாடிக்கு 14 முறைக்குச் சற்றுமேல் சுற்றும். இப்போது யாரோ அழகுக்காக 60/80-17 என்ற மெல்லிய டயரை மாட்டுகிறார். சுற்றளவு 1.66 மீட்டராகக் குறைகிறது. மீட்டர் சக்கரத்தின் அதே சுற்றுகளை எண்ணி 90 என்று சொல்லும்போது வண்டி உண்மையில் 85இல்தான் ஓடும். தடித்த 80/90-17 மாட்டினால் கதை தலைகீழ்: மீட்டர் 90 என்னும், உண்மை வேகம் 93. தொழிற்சாலை கொடுத்த ஒரு பிடி கூடுதலை இங்கே நீங்களே தின்றுவிடுகிறீர்கள். (மெல்லிய டயர் மழையில் பிரேக் பிடிக்கும்போது என்ன செய்யும் என்பது வேறு கட்டுரை.)

சரி, சாலையோரக் கேமரா எதை அளக்கிறது? அதற்கு உங்கள் டயரைப் பற்றியோ மீட்டரைப் பற்றியோ கவலையில்லை. நம் நாட்டில் தானியங்கிக் கேமராக்கள் 2012 செப்டம்பரில் 14 இடங்களில் தொடங்கின. 2017இல் அத்திட்டத்துக்கு 'அவாஸ்' என்று பெயர் வந்தது. மலாய்மொழியில் அதற்கு 'எச்சரிக்கை' என்றும் பொருள் உண்டே! ரேடார் வகைக் கருவி ஒன்று 24 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலையை அனுப்பி, வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். 90இல் வரும் காருக்கு அந்த மாற்றம் சுமார் 4,000 ஹெர்ட்ஸ். பியானோவின் வலக்கோடிக் கட்டையின் ஓசைக்கு நெருக்கமான எண் இது.

கருவியும் தவறலாம். 2003இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், பழைய டட்சன் கார் ஒன்று 158இல் பறந்ததாக ஒரு சாலைக் கேமரா பதிவு செய்தது. காரைச் சோதித்தபோது அதனால் 117ஐத் தாண்டவே முடியவில்லை. கடைசியில் அந்தச் சாலையில் வசூலித்த அபராதங்களை அரசு திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. இந்த நிச்சயமின்மைக்காகவே பல நாடுகள் கொஞ்சம் கழித்துக்கொண்டு பார்க்கின்றன. ஜெர்மனியில் நிலையான கேமரா அளந்த வேகம் 100க்குள் இருந்தால் 3 கிலோமீட்டரும், அதற்குமேல் 3 விழுக்காடும் கழிப்பார்கள்.

இவ்வளவையும் படித்ததும் உங்களில் சிலருக்கு ஒரு கணக்கு ஓடும் என்று எனக்குத் தெரியும். 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கப் போகிறீர்கள் அல்லவா? 'மீட்டர் ஐந்து கூட்டுகிறது, கேமராவும் கொஞ்சம் விடும் என்றால், 100இல் போனாலும் சம்மன் வராது!' சம்மன் வராமல் போகலாம். ஆனால் 1989 முதல் கூட்டரசு சாலைகளுக்குப் பொதுவாக 90 என்று வைத்திருப்பதும், பெருநாள் காலத்தில் அதை 80 ஆக்குவதும் சம்மனுக்காக அல்ல. வேறொரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று திடீரென்று சாலைக்குள் திரும்புகிறது. பார்த்துப் பிரேக்கை அழுத்த ஒரு வினாடி. நல்ல காய்ந்த சாலையில் பிரேக் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வேகத்தைக் குறைக்கிறது என்று கொள்வோம். உண்மையான 90இல் வந்த கார், முதல் வினாடியில் 25 மீட்டரும் பிரேக்கில் ஏறத்தாழ 45 மீட்டரும் ஓடி, 70 மீட்டரில் நிற்கும். 100இல் வந்த காருக்கு 83 மீட்டர் தேவை. வித்தியாசம் 13 மீட்டர்தானே? அப்படியில்லை. முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 49! பத்து கிலோமீட்டர் கூடுதல், லோரியின் அருகில் 49 ஆகிவிட்டது. வேகத்தின் வர்க்கம் கணக்குக்குள் வருவதால் நேரும் வினை இது. நம் நாட்டில் சாலையில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அவர்களுக்கு முன்னால் காரின் இரும்புக்கூடும் இல்லை.

உங்கள் வீட்டுக் கார் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓட்டுபவர் செய்யக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் மட்டும். சாலையோரக் கிலோமீட்டர் கல் ஒன்றைக் கடக்கும்போது கைப்பேசியின் நிறுத்துகடிகாரத்தைத் தட்டுங்கள். முள் 90இலேயே நிற்கும்படி ஓட்டச் சொல்லி, அடுத்த கல்லில் நிறுத்துங்கள். உண்மையான 90 என்றால் 40 வினாடி. 42.4 வந்தால் 3,600ஐ அதனால் வகுங்கள்: 84.9. உங்கள் விரல் கால் வினாடி தாமதித்தாலும் அரை கிலோமீட்டர் பிழை வந்துவிடும். ஐந்து கற்களுக்குச் சேர்த்து அளந்தால் அந்தப் பிழை ஐந்தில் ஒன்றாகிவிடும்.