கிணற்றடிப் பாசி

மாரி தொடங்கி இரண்டு கிழமை சென்றதும் எமது வளவுகளில் ஒரு பச்சை நிறம் படரத் தொடங்கும். கிணற்றைச் சுற்றியுள்ள சீமெந்துத் தளம், வாசற்படி, முற்றத்தில் தண்ணீர் தேங்கும் மூலை எங்கும் பாசி. "மாரியென்றால் பாசி பிடிக்கும்தானே" என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஆச்சி ஒருவர் இருக்கும் வீட்டில் இதைக் கேட்டுப் பாருங்கள். அவரைப் பராமரிக்க ஒருவர் வீட்டில் நிற்கவேண்டும். அவருடைய நாட்கூலி அன்றே நின்றுபோகும்.

நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த வளவுக்குத் திரும்புகிறவர்களுக்கு வேலை இன்னும் அதிகம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், 2009இல் போர் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது, பற்றை மூடிய வளவுகளையே கண்டார்கள். அத்தகைய இடங்களில் பழைய முற்றமும் கிணற்றடியும் மண்ணுக்கும் சருகுக்கும் கீழே கிடக்கும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதி கிடைக்கும்வரை அங்கே மண்வெட்டி போடவேண்டாம். இனந்தெரியாத இரும்பு ஏதும் கண்ணில் பட்டால் தொடாமல் விலகி, கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். பாசி காத்திருக்கும்.

புதுச் சீமெந்தில் பாசி இலகுவில் பிடிப்பதில்லை. அதிலுள்ள காரம் அதை வளரவிடாது. ஆண்டுகள் செல்ல, மழையும் காற்றும் பட்டுக் காரம் குறையும், மேற்பரப்பும் சொரசொரப்பாகும். அந்தச் சிறு குழிகளில் புழுதியும் உக்கிய இலையும் தங்க, நிழலும் ஈரமும் சேர்ந்தால் பாசிக்கு வேறொன்றும் தேவையில்லை. கோடையில் அது கறுத்துக் காய்ந்து செத்ததுபோல் கிடக்கும். முதல் மழையோடு திரும்பவும் பச்சையாகும். ஆகையால் ஆவணி, புரட்டாதியிலேயே அந்தக் கறுப்புப் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிடுவது புத்தி. புழுதி மூக்கில் ஏறாதபடி சிறிது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

சுரண்டுவதற்குத் தேய்ந்த மண்வெட்டி போதும். பிறகு பருமணலைத் தூவி, பாதி பொச்சுமட்டையால் அழுத்தித் தேய்க்கவேண்டும். அடுப்புச் சாம்பலும் சேர்த்தால் வழுவழுப்பு நன்றாகக் கழலும். பெரிய தளமென்றால் தும்புத்தடி வசதி, முதுகும் தப்பும். வெடிப்புகளுக்குள் நிற்கும் பாசிக்குக் கொதிநீர் ஊற்றலாம். கழலும் அழுக்கைக் கிணற்றிலிருந்து வெளிப்பக்கமாகவே கூட்டித் தள்ளுங்கள். இந்த வேலை ஏன் எப்போதும் பெண்களுக்கே விடப்படுகிறதென்று தெரியவில்லை. மணலும் மட்டையும் ஆண்களின் கைக்கும் பொருந்தும்.

சிலர் மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றுகிறார்கள். தளம் அன்று பளிச்சென்று தெரியும். ஆனால் அசிட் சீமெந்தையே அரிக்கிறது. மணல் வெளியே தெரிய, முன்னரிலும் சொரசொரப்பான தளத்தில் அடுத்த மாரியில் பாசி இரட்டிப்பாகப் பிடிக்கும். வேறு சிலர் தோட்டத்துக்கு வாங்கிய களைநாசினியை அல்லது மயில்துத்தத்தை எடுக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நாம் குடிப்பது நிலத்தடி நீரை. அந்த நிலமோ பிளவுகள் நிறைந்த சுண்ணாம்புக் கல். கிணற்றடியில் ஊற்றியது எங்கே போகுமென்று தனியே சொல்லவேண்டியதில்லை.

கிணற்றிலிருந்து தூரமான முற்றத்துக்கு, தேய்த்தும் போகாத பாசியென்றால் மட்டும், குளோரின் தூள் பாவிக்கலாம். 10 லீற்றர் தண்ணீரில் சுமார் 150 கிராம் கலந்து அடையவிட்டு, தெளிந்த நீரை ஊற்றி, கால் மணித்தியாலம் சென்றபின் நன்றாகக் கழுவுங்கள். பிளாஸ்ரிக் வாளியில் கலவுங்கள். கண்ணிலும் கையிலும் படக்கூடாது. பிள்ளைகளும் கோழிகளும் அருகில் நிற்கக்கூடாது. இதை அசிட்டோடு ஒருபோதும் கலக்கவேண்டாம். அப்போது எழும் வாயு சுவாசப்பையைப் பாதிக்கும், உயிருக்கும் ஆபத்து.

எவ்வளவு தேய்த்தாலும் தண்ணீர் தேங்கினால் பாசி திரும்ப வரும். ஒரு வாளி தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றிவிட்டு எங்கே நிற்கிறதென்று பாருங்கள். அது கிணற்றுப் பக்கம் ஓடினால் குளித்த நீரும் உடுப்புத் துவைத்த நீரும் வெடிப்பு வழியாகத் திரும்பக் கிணற்றுக்குள் போகின்றன என்று பொருள். வயிற்றோட்டம் வந்த பின்னர் தண்ணீரைச் சோதிப்பதிலும் இந்த ஒரு வாளி மலிவு. தளம் வெளிப்பக்கம் சரிந்து, சிறு வாய்க்கால் வழியாகக் கழிவுநீர் வாழையடிக்கோ தென்னையடிக்கோ போகவேண்டும். நிழல் போடும் கிளைகளை வெட்டி வெயில் விழவிடுங்கள்.

முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் பலருக்கு ஒரு கிணறு. எல்லோருக்கும் உரிய தளத்தை யாரும் தேய்ப்பதில்லை. சனிக்கிழமைக்கு இரண்டு குடும்பங்களென்று முறை வைத்தால், ஒரு மணித்தியாலத்தில் முடியும் வேலை.

வெடிப்பு அடைக்க ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் போதும். முதலில் வெடிப்பைக் கொத்தி, பாசியைச் சுரண்டி, நனைத்துக்கொள்ளுங்கள். பூசியபின் ஏழு நாட்கள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.