காற்றை விற்று கரண்ட் பில் கட்டிய பஞ்சாயத்து தலைவர்!

கிணத்துக்கடவு:

கிணத்துக்கடவு தக்காளி மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றி வருகிறவர்களுக்கு காற்றாலை ஒன்றும் அதிசயம் இல்லை. பொள்ளாச்சி, உடுமலை பக்கம் திரும்பினால் தென்னந்தோப்புக்கு மேலே இறக்கை சுற்றுவது தெரியும். ஆனி, ஆடியில் குடையை விரித்தால் குடை கையில் நிற்காது. பாலக்காட்டு கணவாய் வழியாக வருகிற காற்று அப்படி.

இந்த காற்றாலைகள் யாருக்கு சொந்தம் என்று டீக்கடையில் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "மில்லுக்காரங்களுதுங்க." பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் இதே காற்றை நம்பி, வங்கியில் கடன் வாங்கி, ஒரு கிராம பஞ்சாயத்தே சொந்தமாக காற்றாலை வாங்கியது. வாங்க வைத்தவர் ஒரு பஞ்சாயத்து தலைவர். பெயர் ஆர்.சண்முகம். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை. அதனால் 'ஓடந்துறை சண்முகம்' என்றால்தான் பலருக்கும் தெரியும்.

2 ஆயிரம் பில் 50 ஆயிரம் ஆன கதை

ஓடந்துறை, கோவையில் இருந்து சுமார் 40 கிலோ மீட்டர். காரமடை ஒன்றியத்தை சேர்ந்த ஊராட்சி. நீலகிரி மலை அடிவாரம், பக்கத்தில் பவானி ஆறு. ஊட்டி போகிற பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கடந்து போகிற ஊர்தான். கூலி வேலைக்கு போகிறவர்கள் அதிகம் உள்ள சின்னச் சின்ன குடியிருப்புகள் சேர்ந்தது இந்த ஊராட்சி.

1996-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி தேர்தல் நடந்தது. பஞ்சாயத்துகளுக்கு புது அதிகாரம் கொடுத்த சட்டத்திருத்தம் வந்த பிறகு நடந்த முதல் தேர்தல் அது. அதில் ஜெயித்து தலைவர் நாற்காலிக்கு வந்தவர்களில் சண்முகமும் ஒருவர். அடுத்த தேர்தலிலும் ஜெயித்து 2006 வரை 10 வருஷம் அந்த பதவியில் இருந்தார்.

வந்ததும் எல்லா தலைவர்களும் செய்வதைத்தான் அவரும் செய்தார். குடிதண்ணீர், தெருவிளக்கு, வீடு. பவானியில் இருந்து தண்ணீர் எடுத்து சுத்தம் செய்து தொட்டியில் ஏற்றி குழாயில் விட்டார்கள். மேல்நிலைத் தொட்டி கூடியது, மோட்டார் கூடியது, தெருவிளக்கும் கூடியது.

பின்னாலேயே வந்தது பில்!

தலைவரான புதிதில் மாசம் 2 ஆயிரம் ரூபாய் வந்த பஞ்சாயத்து கரண்ட் பில், சில வருஷத்தில் 50 ஆயிரத்தை தொட்டது. இது சண்முகமே பலமுறை சொன்ன கணக்கு. ஜனங்களுக்கு நல்லது செய்யச் செய்ய பஞ்சாயத்து கஜானா காலியாகிறது. இது ஓடந்துறைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஊராட்சி செயலாளரை கேட்டாலும் 'இரண்டாம் நம்பர் கணக்கு' என்று ஒன்றை சொல்வார். மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய பணத்துக்கு என்றே தனியாக வைத்திருக்கும் கணக்கு அது. அந்த பணத்தை வேறு எதற்கும் தொட முடியாது. அப்படி இருந்தும் பல ஊராட்சிகளில் பாக்கி நிற்கும்.

சண்முகம் சுற்றுச்சூழல் பக்கம் வந்தது இந்த பில்லை பார்த்துத்தான். உலகம் சூடாவதைப் பற்றி புத்தகம் படித்துவிட்டு வந்தவர் இல்லை. கட்ட முடியாத பில்லுக்கு வழி தேடியவர், வழியில் சூரியனையும் விறகையும் காற்றையும் பார்த்தார்.

முதலில் சோலார், அப்புறம் விறகு

முதலில் சில குடியிருப்புகளில் சோலார் தெருவிளக்கு போட்டார்கள். சோலார் என்றால் கால்குலேட்டர் ஞாபகம் வருகிற காலம் அது.

அடுத்து, 2003-ல் மரத்துண்டுகளை எரிவாயுவாக மாற்றி மோட்டார் ஓட்டும் எந்திரம். 9 கிலோவாட் திறன். குறைந்த காற்றில் விறகை கருக்கினால் எரிகிற வாயு வரும், அதை என்ஜினுக்குள் விட்டால் கரண்ட் வரும். மரம் அறுக்கும் மில்களில் மிச்சமாகும் சிராய், துண்டு கட்டைதான் தீனி. தொழில்நுட்பத்தை தெரிந்துகொள்ள சண்முகம் குஜராத்தில் உள்ள பரோடா வரை போய் வந்தார். மின்வாரிய கரண்டில் தண்ணீர் ஏற்ற ஆகும் செலவில் பாதிகூட இதில் ஆகவில்லை என்று கணக்கு காட்டினார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். வேண்டாம் என்று கொட்டிக்கிடந்த மரக்கழிவுக்கு நாலு பேர் கேட்க ஆரம்பித்ததும் விலை ஏறிவிடும். அப்புறம் லாபம் எங்கே? அதோடு இந்த எந்திரத்துக்கு தினமும் ஆள் நின்று தீனி போட வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும். ஊர் முழுவதற்கும் இது காணாது.

காற்றுக்கு யாரும் விலை கேட்க முடியாது. அங்கேதான் பெரிய யோசனை பிறந்தது.

ஒன்றரை கோடி ரூபாய் துணிச்சல்

350 கிலோவாட் காற்றாலை. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். பஞ்சாயத்து கையில் சேர்த்து வைத்திருந்தது 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சத்துக்கு வங்கிக் கடன். 2006-ல் காற்றாலை நின்றது.

ஓடந்துறையில் நிற்கவில்லை. அங்கே அந்த அளவுக்கு காற்று கிடையாது. உடுமலை பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். "காற்றாலை அங்கே, லைட் இங்கேயா?" என்று குழம்ப வேண்டாம். மைவாடியில் உற்பத்தியாகும் கரண்ட் அங்கேயே மின்வாரிய கம்பியில் ஏறிவிடும். எத்தனை யூனிட் ஏறியதோ அதற்கு வாரியம் பணம் கொடுக்கும். அந்த பணம் ஓடந்துறை கணக்குக்கு வரும். ஓடந்துறை தன் ஊருக்கான பில்லை தனியாக கட்டும். பால் சொசைட்டியில் பாலை ஊற்றி காசு வாங்கி, வீட்டுக்கு வேண்டியதை கடையில் வாங்குகிற மாதிரிதான்.

வருஷத்துக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட் என்பது அவர்கள் சொன்ன உற்பத்தி. ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். அதாவது ஊர் எரிப்பதைவிட 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் அதிகம்.

இந்த கணக்கு சரியா? காற்றாலை வருஷம் முழுக்க முழு வேகத்தில் சுற்றினால் 30 லட்சம் யூனிட் வர வேண்டும். அப்படி எந்த காற்றாலையும் சுற்றுவதில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை சீசன். மார்கழி, தையில் பாதி நாள் சும்மா நிற்கும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் சரியான காற்றாலை. அப்படி பார்த்தால் 6.75 லட்சம் நம்பக்கூடிய எண்தான். அப்போது காற்றாலை கரண்டுக்கு வாரியம் யூனிட்டுக்கு 3 ரூபாய்க்கு கொஞ்சம் குறைவாக கொடுத்தது. பெருக்கிப் பார்த்தால் வருஷத்துக்கு 19 லட்சம் ரூபாய். வட்டியை விட்டுவிட்டால் போட்ட முதல் எட்டு வருஷத்தில் திரும்பும்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. காற்றாலை வந்த அதே 2006-ம் ஆண்டு அக்டோபரில் சண்முகத்தின் பதவிக்காலம் முடிந்தது. போகிற நேரத்தில் ரோடு போடலாம், திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். இந்த மனுஷன் எட்டு வருஷ கடனை பஞ்சாயத்து தலையில் ஏற்றிவிட்டு போனார். காற்று பொய்த்திருந்தால் ஊர் சும்மா விட்டிருக்குமா? அவருக்குப் பின் அவர் மனைவி லிங்கம்மாள் ஓடந்துறை தலைவர் பதவிக்கு வந்தார். திட்டம் நடுவில் கைமாறி கெட்டுப்போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சொந்த காற்றாலை வைத்த முதல் பஞ்சாயத்து என்று பெயர் பரவியது. வெளிநாட்டுக்காரர்கள், உலக வங்கி ஆட்கள், வடமாநில பஞ்சாயத்து தலைவர்கள் என்று ஓடந்துறைக்கு வேன் வேனாக வந்தார்கள். 2011-ல் அறிவிக்கப்பட்ட சோலார் விளக்கோடு கூடிய 300 சதுர அடி பசுமை வீடு திட்டத்திலும், அதற்கு முந்தைய வீட்டு திட்டங்களிலும் ஓடந்துறை நூற்றுக்கணக்கான வீடுகளை வாங்கிக் கட்டியது. அரசு திட்டத்தை தேடிப்பிடித்து ஊருக்கு கொண்டு வருவதில் சண்முகம் கில்லாடி. காற்றாலை அளவுக்கு இதை யாரும் பெரிதாக பேசுவது இல்லை. குடிசையில் மழைக்கு ஒழுகாமல் படுத்தவனுக்கு இதுதான் பெரிய விஷயம்.

அதே வருஷத்து இன்னொருவர்

1996-ல் தலைவராகி 2006 வரை இருந்த இன்னொருவரும் இப்படி பெயர் வாங்கினார். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் இளங்கோ. என்ஜினீயரிங் படித்து அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். இளங்கோவும் சண்முகமும் வேறு வேறு ரகம். இருவருக்கும் பொதுவானது அந்த 10 வருஷம்தான். தொடர்ந்து 10 வருஷம் கையில் கிடைத்தால் ஒரு தலைவர் என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டு பேருமே சாட்சி.

பெரிய நகரத்திலும் இப்படி ஆள் இருந்திருக்கிறார். பிரேசில் நாட்டில் குரிடிபா நகரத்துக்கு மூன்று முறை மேயராக இருந்த ஜைமே லெர்னர். குப்பை லாரி நுழைய முடியாத சேரி பகுதி ஜனங்கள் குப்பையை மூட்டை கட்டிக் கொண்டு வந்து கொடுத்தால் பஸ் டிக்கெட்டும் காய்கறியும் கொடுத்தார். 2021-ல் இறந்துபோனார். கிணத்துக்கடவு சட்டசபை தொகுதிக்குள் வருகிற வெள்ளலூரில், கோவை மாநகரமே கொட்டிய குப்பை மலைக்குப் பக்கத்தில் மூக்கை பொத்திக்கொண்டு குடியிருக்கிறவர்களுக்கு இந்த சேதி கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கும்.

நம்ம ஊரில் ஏன் இல்லை?

ஓடந்துறைக்காரர்கள் காற்றைத் தேடி உடுமலை வரை வந்தார்கள். காற்று வீட்டு வாசலில் வீசும் கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் ஊராட்சிக்கு ஒரு காற்றாலை ஏன் நிற்கவில்லை?

முதல் காரணம் பணம். ஓடந்துறையிடம் 40 லட்சம் சேமிப்பு இருந்தது. பெரும்பாலான ஊராட்சிகளில் சம்பளம் போடவே இழுபறி. சொந்தமாக கைப்பணம் போடாமல் எந்த வங்கியும் கடன் தராது.

இரண்டாவது, மில் முதலாளிக்கு கிடைத்த லாபம் பஞ்சாயத்துக்கு கிடைக்காது. காற்றாலை விலையில் பெரும் பகுதியை முதல் வருஷமே தேய்மானம் என்று காட்டி வருமான வரியை குறைத்துக்கொள்ள அப்போது சலுகை இருந்தது. காற்றாலைகள் இந்தப் பக்கம் காளான் மாதிரி முளைத்ததற்கு காற்று பாதி காரணம், இந்த வரிச் சலுகை மீதி பாதி. வருமான வரியே கட்டாத பஞ்சாயத்துக்கு அந்த சலுகையால் என்ன பிரயோஜனம்?

மூன்றாவதுதான் பெரியது. நாற்காலியில் ஆளே இல்லை! 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சி தேர்தல் கோர்ட்டுக்கு போய் ரத்தானது. 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளை தனி அதிகாரிகள்தான் பார்த்தார்கள். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து மறுபடி தனி அதிகாரிகள் வந்தார்கள். தனி அதிகாரி பில் கட்டுவார், பைப் உடைந்தால் ஒட்டுவார். எட்டு வருஷ கடனுக்கு அவர் கையெழுத்து போடுவாரா? ஆடிட்டில் கேள்வி வந்தால் அவர் பென்சனுக்கு யார் பொறுப்பு?

அப்படியே ஒருவர் துணிந்தாலும் 2006-ல் வாங்கிய மாதிரி இப்போது வாங்க முடியாது. இன்றைய காற்றாலைகள் 2 ஆயிரம், 3 ஆயிரம் கிலோவாட் திறன் கொண்டவை. விலை பல கோடி. ஒரு ஊராட்சிக்கு அது தாங்காது. நாலைந்து ஊராட்சிகள் கூட்டு சேர்ந்தால் முடியலாம். கூரைக்கும் தண்ணீர் தொட்டி வளாகத்துக்கும் சோலார் போடுவது இன்னும் சுலபம். பேனல் விலை சண்முகம் காலத்தில் இருந்ததில் சிறு பங்குகூட இப்போது இல்லை. குடிதண்ணீர் மோட்டாரை பகலில் ஓட்டினால் பேட்டரி செலவும் மிச்சம்.

ஓடந்துறை வாங்கிய காற்றாலை 2006-ம் வருஷத்து எந்திரம். காற்றாலையின் ஆயுள் 20 முதல் 25 வருஷம் என்பார்கள். பழைய காற்றாலையை கழற்றி அதே இடத்தில் பெரிய காற்றாலை வைப்பதற்கும், பழையதையே தொடர்ந்து ஓட்டுவதற்கும் தமிழக அரசு 2024-ல் தனி கொள்கை வெளியிட்டது. மில்லுக்காரர்களுக்கு அதை படித்துச் சொல்ல ஆடிட்டரும் வக்கீலும் இருக்கிறார்கள். பஞ்சாயத்து காற்றாலைக்கும் அதே விதிதான். அடுத்த உள்ளாட்சி தேர்தலில் ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம், இரண்டாம் நம்பர் கணக்கில் எவ்வளவு பாக்கி, அதைக் குறைக்க என்ன திட்டம் என்று கேட்டுப் பாருங்க.