கற்பிட்டி மணலில் உருளைக்கிழங்கு

இலங்கையில் உருளைக்கிழங்கு என்றதும் நுவரெலியாவும் வெலிமடையுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. எனினும் புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில், கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் உயரமே உள்ள மணல் தரையில், சின்ன வெங்காயமும் மிளகாயும் விளையும் தோட்டங்களிலேயே அதுவும் பெரும்போகப் பயிராக விளைகிறது. கிழங்கு எனப்படுவது வேரன்று. நிலத்துக்கடியில் படரும் தண்டின் நுனி மாப்பொருளைச் சேமித்துப் பருத்ததே அது. அவ்வாறு பருப்பதற்கு 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான இரவுக் குளிர் உகந்தது. இரவு அதைவிட மிகவும் சூடாயின் செடி இலையும் தண்டுமாகச் செழித்து நிற்குமேயன்றிக் கிழங்கு இறங்காது. கற்பிட்டியில் அந்த எல்லையை ஓரளவேனும் நெருங்குபவை டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான இரவுகள் மட்டுமே என்பதால், நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ நட்டு, 90 முதல் 100 நாளில் கிழங்கை எடுத்துவிடும் வகையில் போகத்தை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் பயிரிடுவோர் 30 முதல் 60 கிராம் எடையுள்ள, முளை கட்டிய முழு விதைக்கிழங்குகளை நடுவதே நல்லது; குளிர்நாடுகளில் வெட்டி நடுவது வழக்கமாயினும், வெட்டிய துண்டு சூடான ஈரமண்ணில் எளிதில் அழுகிவிடும். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றரும் செடிக்குச் செடி 25 சென்ரிமீற்றரும் விட்டு, மக்கிய மாட்டெரு கலந்த பாத்தியில் நட்டு, செடி ஒரு சாண் உயர்ந்ததும் அடியில் மண் அணைக்க வேண்டும். அணைக்காமல் விட்டால் வெயில் பட்ட கிழங்கு பச்சையாகி, சொலனின் என்னும் நச்சுப்பொருள் சேர்ந்து கசக்கும். பாத்தியின் மேல் தென்னோலையோ வைக்கோலோ பரப்பினால் மண்ணின் சூடு தணியும். பெரிய தோட்டக்காரருக்குக் கூலி கட்டாத இவ்வேலை, நான்கு பாத்தி வைத்திருப்பவருக்கு ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.

மணலில் கிழங்கு தடையின்றிப் பருக்கும், தோண்டுவதும் எளிது. ஆனால் அம்மணல் நீரையும் பசளையையும் தன்னிடம் நிறுத்திவைப்பதில்லை. குடாநாட்டின் நன்னீர் என்பது மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னிலும் அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும் படலமாகும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேல்மட்டம் ஓரடி இறங்கும் அளவுக்கு இறைத்துக்கொண்டேயிருந்தால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் அதே விகிதத்தில் மேலேறும். ஆகவே ஒரே நேரத்தில் வெள்ளமாகப் பாய்ச்சாமல், சிறிது சிறிதாக அடிக்கடி தெளிப்பதே இங்கு தகும்.

இதைவிடக் கவலைக்குரியது யூரியா. செடி எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சிய நீரோடு மணல் வழியே இறங்கி, வீட்டார் குடிக்கும் அதே கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. கற்பிட்டிப் பகுதியில் நடந்த ஆய்வுகளில் அதைத் தாண்டிய கிணறுகள் கண்டறியப்பட்டுள்ளன. இந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். எனவே கிணற்றடிப் பாத்திக்கு மக்கிய எருவையே முதன்மையாகக் கொண்டு, யூரியா இட்டே ஆகவேண்டுமெனில் பலமுறையாகப் பிரித்துச் சிறிதளவே இடுவது முறை.

விதைக்கிழங்கை மட்டும் இம்மண்ணில் சேமித்துவைப்பது கடினம். மார்ச்சில் எடுத்த கிழங்கு அடுத்த நவம்பர் வரையான வெப்பத்தில் சாதாரண அறையில் சுருங்கியோ அழுகியோ போகும். இதனால் ஒவ்வோராண்டும் மலைநாட்டிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் விதையை வாங்க நேர்கிறது. பயிர்ச்செலவில் பெரும்பங்கும் அதற்கே போகிறது. செலவுக்கு அஞ்சிக் கடைக்கிழங்கை நட்டால் வாடல்நோய்க் கிருமியும் கூடவே மண்ணுக்குள் புகக்கூடும். அது அதே பாத்தியில் பின்னர் வைக்கும் தக்காளியையும் கத்தரியையும் மிளகாயையும் தாக்கும்.